அடி துடைக்காத பத்தாயம்

அத்தியாயம் 17

இல்லாத சரக்கு எப்படி வேன் ஏறும்? போன வாரம் முழுக்க அன்னாள் இந்த ஒரு கேள்வியோடுதான் திரிந்தாள்.

நடுவில் ஒன்றிரண்டு வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமுளி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மத்தியாஸின் மசாலாக் கடை. முன்னால் சுற்றுலாக்காரர்களுக்கான கடை, பின்னால் குடோன். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் திரும்பி வந்த மகள் அன்னாள், அந்தக் குடோனைத் தன் கைக்குள் கொண்டுவந்தாள். ஏலக்காயைத் தரம் பிரித்து, சின்னப் பாக்கெட்டில் அடைத்து, மேலே 'அன்னாள்' என்று அச்சடித்து விற்க ஆரம்பித்தது அவள்தான். வேலை செய்கிறவள் நான், பெயரும் என்னுடையதாகவே இருக்கட்டுமே என்றாள். மத்தியாஸ் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

தம்பி ஜோஜோ பைக்கில் சுற்றி ஆர்டர் பிடிப்பான். பிடிப்பான் என்றால், குடோனில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் பிடிப்பான்.

மதுரையில் பல கிளைகள் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்கள் தீபாவளிக்கு ஏலக்காய் கேட்டார்கள். கையிருப்பு பாதிக்குத்தான் வரும், அடுத்த காய் எடுப்பு முடிந்ததும் மீதியைத் தருவோம் என்று சொல்லச் சொன்னாள் அன்னாள். ஜோஜோ முழுசுக்கும் தலையாட்டிவிட்டு வந்தான். குறைகிற காயை வாங்க அவள் ஆனைக்கரைத் தோட்டங்களுக்குப் போயிருந்த அன்றைக்கே மொத்தச் சரக்கும் மதுரைக்குப் போய்விட்டது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டதற்கு, "தெரிஞ்ச வியாபாரிகிட்ட வாங்குனேன்க்கா" என்றான்.

அந்தப் பொய் இந்தத் திங்கட்கிழமை காலையில் வேனில் ஏறித் திரும்பி வந்தது.

வேனிலிருந்து இறங்கியவன் சந்துரு. மதுரைக்காரர்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுப்பவன். கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் அன்னாளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு பாக்கெட்டை அவள் கையில் வைத்தான். "பிரிச்சுப் பாருங்க."

பிரிக்கவே தேவையில்லை. பாக்கெட்டின் மூலையில் மாவு மாதிரித் தூள் தேங்கியிருந்தது. இருந்தாலும் பிரித்தாள். மேலே நாலைந்து காய் பச்சைப்பசேலென்று இருந்தன. அதற்குக் கீழே எல்லாம் வெளுத்த காய். தோலில் ஓட்டை. ஏல வாசனை மருந்துக்கும் இல்லை, நனைந்த சாக்கின் வாடை அடித்தது. ஒரு வண்டு வெளியே வந்து அவள் விரலில் ஏறியது.

"ஒரு அம்மா பாயசத்துக்குப் போட எடுத்திருக்காங்க. நேரா கடைக்கு வந்து, பில் போடுற மேஜையில கொட்டிட்டாங்க. கடை நெறைய ஆளு மேடம். யாரு இந்த அன்னாள், அவளைக் கூப்பிடுன்னு உங்க பேரைச் சொல்லித்தான் சத்தம் போட்டாங்க."

அன்னாளுக்கு முகம் எரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண், பார்த்தே இராத ஓர் ஊரில் நின்று தன் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறாள். அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அவள் திட்டியதில் என்ன தப்பு?

"மத்தியானம் வரைக்கும் டவுன்லதான் இருப்பேன். தப்பு எங்க நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா, சரிபண்ணலாம்னா, மேற்கொண்டு பேசலாம். இல்லைன்னா இதோட முடிச்சுக்கலாம்" என்றான் சந்துரு. பெட்டிகளை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வேன் நகர்ந்தது.

அன்னாள் குடோனுக்குள் ஓடினாள். அவளுடைய மூட்டைகள் அவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. மாதத்துக்கு ஒரு நிறம் என்று ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ரிப்பன் கட்டியிருப்பாள். முன்னால் வந்த சரக்கு கதவோரம், பின்னால் வந்தது உள்ளே. கதவோரம் இருப்பதுதான் முதலில் வெளியே போக வேண்டும். காற்றும் வெளிச்சமும் படாமல் உள்ளே கறுப்புப் பாலிதீன் உறை. இந்த ஏற்பாட்டைப் பார்த்து ஜோஜோ "சர்ச்சுல கிறிஸ்மஸ் டெக்கரேஷனா?" என்று கிண்டல் செய்வான். செய்யட்டும். வண்டு வைக்கிற வயசு அந்த மூட்டைகளில் ஒன்றுக்கும் ஆகவில்லை.

அப்படியானால் இது யாருடைய காய்?

வாசலில் சத்தம் கேட்டது. மத்தியாஸ் வந்துவிட்டார். அவருக்கு முன்னாலேயே ஜோஜோ பேச ஆரம்பித்திருந்தான்.

"பொறுக்குற வேலை யாரு வேலை? பொறுக்காம அள்ளி அடைச்சா இப்பிடித்தான் வரும். எல்லாம் சின்னத்தாயி பண்ணுன வேலைப்பா."

சின்னத்தாய் கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வருகிறவள். கெட்ட காயைப் பொறுக்கி எறிவதும் பாக்கெட் அடைப்பதும் அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம். காலையில் வந்து இறங்கினால் பஸ் நிலையத்துக்கே தெரியும்.

மத்தியாஸ் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சின்னத்தாயி, நாளையிலருந்து நீ மலையேற வேணாம்" என்று, முறத்தோடு நின்றவளிடம் சொன்னார்.

"என்ன மொதலாளி சொன்னீக?"

"காதுல விழுகலையா? வேணாம்னேன்."

"எனக்கு நல்லா விழுந்துச்சு. ஊருக்கும் விழுகட்டும்னுதான் கேட்டேன்." சின்னத்தாய் முறத்தைத் தூக்கித் தரையில் போட்டாள். "சாக்கைக் கொண்டாந்து என் முன்னாடி கொட்டுனது ஆரு? காயி வெளுத்துக் கெடக்கு தம்பி, வாடை வேற அடிக்குது, இது வேணாம்னு சொன்னேனா இல்லையா? 'மேல நாலு பச்சைக் காயப் போட்டு ஒட்டுங்க, அக்கா வர்றதுக்குள்ள முடிக்கணும்'னு சொன்னது எந்த வாயி?"

"பொய் சொல்லுது" என்றான் ஜோஜோ.

"ஆரு பொய் சொல்றா? எம் புள்ளைக மேல அடிச்சுச் சொல்றேன். கம்பத்துல திராட்சை பறிச்சாச்சும் பொழைச்சுக்கிருவேன் தம்பி. செய்யாத தப்பை என் தலையில கட்டாதீக. மொளகாப்பொடியத் தூவிருவேன் கண்ணுல."

"அக்கா, இங்க பாருங்க" என்று நடுவே வந்தாள் அன்னாள். "எந்த மூட்டை? என்ன கலர் ரிப்பன்?"

"ரிப்பனே இல்ல தாயி. பழைய அரிசிச் சாக்கு."

அன்னாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அப்பாவைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதும், விஷயம் விளங்கிவிட்டது. ரிப்பன் இல்லாத காய் இந்தக் கடையில் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு.

அதுதான் பத்தாயம். குடோனின் கடைக்கோடியில், பலாமரத்தில் செய்த ஆள் உயரப் பெட்டி. தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்த புதிதில் மத்தியாஸ் ஆசாரியை வைத்துச் செய்தது. செய்த ஆசாரி புத்திசாலி. மேலே கொட்ட ஒரு மூடி, கீழே எடுக்க ஒரு சின்னக் கதவு. முன்னால் கொட்டியது முன்னால் வெளியே வந்துவிடும்.

ஆனால் சர்ச்சில் நடந்த ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மத்தியாஸ் ஒரு பிரசங்கம் கேட்டார். அடி தெரியாத பானை இருக்கிற வீடுதான் ஆசீர்வதிக்கப்பட்ட வீடு என்றார் பிரசங்கியார். அவ்வளவுதான். மறுநாளே கீழ்க்கதவுக்குப் பூட்டு விழுந்தது. மேலே கொட்டுவார், மேலேயே எடுப்பார். பாதி குறைந்தால் மறுபடி நிரப்புவார். அடியை யாரும் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. அந்தப் பானையில் இருந்ததைத் தினமும் அள்ளிச் சமைத்தார்கள் என்று பிரசங்கியார் சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. அடியில் கிடந்த காய் ஜோஜோவின் ஞானஸ்நானத்தை நேரில் பார்த்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அன்னாள் கேட்டுப் பார்க்காத நாளில்லை. ஒரே ஒரு தடவை துடைத்துவிடுவோம் என்று கெஞ்சியிருக்கிறாள். ஒருமுறை கையை ஓங்கிக்கொண்டு வந்தார். இருப்பு எடுக்கும்போது மட்டும், "பத்தாயத்துல கெடக்குல்ல, அதையும் சேத்துக்க" என்பார். தொடக் கூடாது, விற்கக் கூடாது, ஆனால் இருப்பில் சேர்க்க வேண்டும். இப்படி ஒரு சரக்கை வைத்துக்கொண்டு கடை நடத்தினால் ஜோஜோ மாதிரிப் பையன்கள் முழுசுக்கும் தலையாட்டாமல் என்ன செய்வார்கள்?

"பத்தாயத்துல எடுத்தியாடா?"

"அது வந்துக்கா..."

"மழுப்புற வேலையெல்லாம் வேணாம். எடுத்தியா, இல்லையா?"

"அப்பாதான் சாவி குடுத்தாரு. கீழ்க்கதவு சாவி."

அன்னாள் அப்பா பக்கம் திரும்பினாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நான் அடியத் தொட்டா ஆசீர்வாதம் போயிரும். இவன் தொட்டாப் போகாதாப்பா?"

"ஆம்பளப் புள்ள கேட்டான், குடுத்தேன். இதுல என்ன இருக்கு?" என்றார் மத்தியாஸ். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

"நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அடிக்க வந்தீங்க. அது இருக்கட்டும். சாவி குடுத்தது நீங்க. காய் எங்கருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இந்தக்காவ நாளைக்கு வராதன்னு சொன்னீங்களா?"

மத்தியாஸ் அவளைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "வேலைக்காரிய நாளைக்கு நான் சொல்லிவிட்டா வந்துருவா. கடைப் பேரு போனா வருமா? மதுரைக்காரன் மத்தியானம் வருவான். பொறுக்குறவ பண்ணுன தப்புன்னு நீ உன் வாயால சொல்லு. நீ சொன்னா நம்புவான்."

"மாட்டேன்."

"என்ன மாட்டே?"

"சொல்ல மாட்டேன். செய்யாத தப்பை நான் எவ தலையிலயும் கட்ட மாட்டேன்."

"அப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மத்தியாஸ். ஆத்திரம் வந்தால் அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு எட்டிப் பார்க்கும். அந்தச் சொல்லை அன்னாள் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

சின்னத்தாய் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் ஜீப் என்று பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஜீப்புக்காக உட்கார்ந்தாளா, வேறு எதற்காவது உட்கார்ந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

பதினோரு மணிவாக்கில் கடையில் கூட்டம் வந்தது. தேக்கடியில் படகுச் சவாரி போய்விட்டு வந்த கூட்டம். அன்னாள் குடோனிலிருந்து வெளியே வந்தபோது, ஜோஜோ திரும்பி வந்த பெட்டியில் ஒன்றைப் பிரித்து, பாக்கெட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு அம்மா கையில் இரண்டு பாக்கெட் ஏற்கெனவே ஏறியிருந்தது.

அன்னாள் அந்தப் பாக்கெட்டுகளை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது விக்கிறது இல்லைங்க. வேற தர்றேன்" என்று உள்ளேயிருந்து நல்ல காயைக் கொண்டுவந்து கொடுத்து அனுப்பினாள். கடை காலியானதும் ஜோஜோவின் சட்டையைப் பிடித்தாள்.

"என்னடா பண்ற?"

"ஏன்க்கா கத்துற? டூரிஸ்ட்டுக்காரன் திரும்பியா வரப்போறான்? எவனாவது வாங்கிட்டுப் போயிட்டா நமக்கும் எடம் காலியாகும்ல?"

"எம் பேருடா அது!" அவள் பாக்கெட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "படிக்கத் தெரியுதா? எம் பேரு!"

"பேரு பேருன்னு சாகாத. கடை அப்பாவோடது."

இதைக் கேட்டு அவனை அறையாமல் விட்டதற்காக நான் அன்னாளைப் பாராட்ட மாட்டேன். ஒன்று வைத்திருக்கலாம். அலமாரியிலிருந்த பாக்கெட் ஒவ்வொன்றையும் எடுத்து மறுபடி பெட்டியில் போட்டு, பெட்டியைக் குடோனுக்குள் தள்ளிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடப் போகவில்லை.

சந்துரு சொன்னபடி மத்தியானம் வந்தான். மத்தியாஸ் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். பழம்பொரியும் வந்தது. அன்னாள் குடோன் வாசலில் நின்றாள். சின்னத்தாயின் பெயரை எடுத்தால் உடனே மறுத்துப் பேசுவது என்று தயாராக நின்றாள்.

"தம்பி, தப்பு எங்க பக்கந்தான்" என்று ஆரம்பித்தார் மத்தியாஸ். "ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பொம்பளப் புள்ளைகிட்ட மொத்தப் பொறுப்பையும் விட்டேன் பாருங்க, அது என் தப்பு. அவளும் பாவம். வாழ்க்கை அப்பிடி ஆயிருச்சு, மனசு ஒரு நெலையில இல்ல. எதை எங்க வச்சோம்னு தெரியாம, பழசையும் புதுசையும் கலந்துட்டா. இனிமே குடோன எம் மகன் பாத்துக்கிருவான். நீங்க பயப்படாம ஆர்டரப் போடுங்க."

சந்துரு திரும்பி அன்னாளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெற்ற அப்பா, தன் கண்ணெதிரே, ஒரு டீ ஆறுவதற்குள் தன்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டார். சின்னத்தாயின் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தாள். தன் பெயர் வரும் என்று நினைக்கவே இல்லை.

"சார், கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

"அன்னா, நீ சும்மா இரு."

"உள்ள வாங்க சார். தப்பு எங்க நடந்துச்சுன்னு கேட்டீங்கள்ல? காட்டுறேன்."

சந்துரு டீயை வைத்துவிட்டு எழுந்தான். மத்தியாஸும் ஜோஜோவும் பின்னாலேயே வந்தார்கள். அன்னாள் முதலில் தன் மூட்டைகளைக் காட்டினாள். ரிப்பனைக் காட்டினாள். ஒன்றைப் பிரித்து ஒரு கை காயை அள்ளி அவன் உள்ளங்கையில் போட்டாள். பிறகு பத்தாயத்தின் மேல் மூடியைத் திறந்தாள். உள்ளே, கடைசியாக எடுத்த காய் மரகதப் பச்சையில் தளும்பிக்கொண்டிருந்தது.

"இதுவும் நல்லாத்தானே இருக்கு?" என்றான் சந்துரு.

"மேல நல்லாத்தான் இருக்கும். ஜோஜோ, கீழ்க்கதவு சாவியக் குடு."

"குடுக்காத" என்றார் மத்தியாஸ்.

ஜோஜோ சட்டைப் பைக்குள் கையை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான். அன்னாள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு குடோன் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்த பழைய எடைக்கல்லைத் தூக்கினாள். முதல் அடியில் பூட்டு வளைந்தது. இரண்டாவது அடியில் கொண்டி பிய்ந்து வந்தது.

"ஏ புள்ள! கர்த்தர் குடுத்த ஆசீர்வாதத்துல கை வைக்காத!" மத்தியாஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கப்பா!" என்று உதறினாள். "பேசுறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

கதவைத் திறந்ததும் ஒன்றும் விழவில்லை. ஜோஜோ அள்ளியது போக மிச்சம் கட்டி தட்டிப்போய் அடைத்துக்கொண்டிருந்தது. எப்போது எழுந்து வந்தாளோ, சின்னத்தாய் ஒரு தார்ப்பாயை விரித்துப் போட்டுவிட்டு, கம்பை உள்ளே விட்டு ஒரு குத்து குத்தினாள். பொலபொலவென்று கொட்டியது. சாம்பல் நிறத்தில் தூள். வண்டு தின்று போட்ட தோல். நூலாம்படையில் ஒட்டிக்கொண்ட விதை. எலிப் புழுக்கை. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. வெளுத்த காய், வைக்கோல் நிறக் காய், கடைசியில் பாதிப் பச்சை. ஒரு பெட்டிக்குள் இத்தனை வருஷக் காயும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. சந்துரு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இதுலருந்து அள்ளித்தான் உங்களுக்கு வந்துச்சு" என்றாள் அன்னாள். "நான் ஆனைக்கரையில இருந்த அன்னிக்கு. அடைச்சது இந்தக்கா. வேணாம்னு சொல்லிச் சொல்லி அடைச்சாங்க. எனக்கு மனசு ஒரு நெலையிலதான் சார் இருக்கு. நல்லா இருக்கு."

சந்துரு குனிந்து ஒரு காயை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டான். பிறகு மத்தியாஸ் பக்கம் திரும்பினான்.

"சரக்கு கெடுறது எல்லாக் கடையிலயும் நடக்கும் ஐயா. எங்க கடையிலயும் நடக்கும். எடுத்து வெளிய போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்போம். நீங்க அதைப் பூட்டி வச்சு, எங்க தலையில கட்டி, கடைசியில பெத்த பொண்ணு மேல பழியப் போட்டு எனக்கு டீ வாங்கித் தர்றீங்க." அவன் குரல் அப்போதும் உயரவில்லை. "தீபாவளிக்கு நாங்க வேற எடத்துல பாத்துக்கிறோம். மேடம், அதுக்கப்புறம் என்னன்னு எங்க மொதலாளிதான் சொல்லணும். நான் பாத்ததைப் பாத்தபடி சொல்லுவேன்."

அவன் போய்விட்டான். ஆர்டரும் போய்விட்டது. பாதி ஆர்டராவது நிற்கும் என்று அன்னாள் மனசுக்குள் ஒரு மூலையில் நம்பியிருந்தாள். நிற்கவில்லை.

"இப்ப திருப்திதானா?" மத்தியாஸுக்கு மூச்சு வாங்கியது. "உள்ளதைச் சொல்றேன்னு பெரிய ஆர்டர வெரட்டிட்ட. அடி வரைக்கும் தொடைச்சுட்ட. இனி இந்தக் கடையில என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான்பா தெரியுது. இவ்வளவு நாளும் தெரியாமத்தான் கடைய நடத்தியிருக்கோம்."

"நடத்துனது நான். நீ பொட்டலம் கட்டுனவ."

சின்னத்தாய் வாயைத் திறக்கப் போனாள். அன்னாள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஒரு பெரிய துடைப்பத்தை எடுத்து, முழங்காலில் உட்கார்ந்து, கீழ்க்கதவு வழியாகக் கையை விட்டுப் பத்தாயத்தின் அடியைக் கூட்ட ஆரம்பித்தாள். தூள் பறந்து அவள் தலையெல்லாம் சாம்பலானது.

"அக்கா" என்றான் ஜோஜோ.

அவள் திரும்பவில்லை.

"அக்கா, நான் கேட்டு அவரு சாவி குடுக்கல. அவராத்தான் குடுத்தாரு."

"ஜோஜோ!" என்று அதட்டினார் மத்தியாஸ்.

"இல்லப்பா, என்னால முடியாது. எல்லாம் என் தலையிலதான் வருது." ஜோஜோவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆர்டருக்குக் காய் பத்தலைன்னுதான் சொன்னேன்க்கா. இதுதான் சமயம், அடியில கெடக்கிறதையெல்லாம் மதுரைக்குத் தள்ளி விட்டுரு, மேல புதுக் காயக் கொட்டி வைப்போம்னு சொன்னது அவருதான். சுருளிவேல் ஆளுங்க எடை போட வர்றாங்க."

சுருளிவேலை அன்னாளுக்குத் தெரியும். கம்பத்தில் பெரிய வியாபாரி. குமுளியில் ஒரு கடை வேண்டும் என்று வருஷக்கணக்காக இந்தக் கடையையே சுற்றிக்கொண்டிருப்பவர்.

துடைப்பம் நின்றது. "நம்ம சரக்கை அவரு எதுக்கு எடை போடணும்?"

ஜோஜோ தரையைப் பார்த்தான். "கடையச் சரக்கோட அவருக்குக் குடுக்கப் போறாரு. என்னைய நியூசிலாந்துக்கு அனுப்புறதுக்கு."

அன்னாள் எழுந்தாள். அப்பா மறுப்பார் என்று பார்த்தாள். கெட்ட காய் என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன், பையன் உளறுகிறான், ஏதாவது ஒன்று சொல்லுவார் என்று பார்த்தாள். மத்தியாஸ் எடைக்கல்லின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அடியில இருக்கிறது அழுகினதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"எல்லாருக்குந்தான் தெரியும்."

"ஆசீர்வாதம்னு சொன்னீங்களேப்பா."

"எனக்கும் வயசாகுது அன்னா. இவனுக்கு ஒரு வழி பண்ண வேணாமா? இந்த மலையில கெடந்து என்ன பண்ணப் போறான்?"

"எனக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராகவே இருந்தார். அதுதான் கொடுமை. முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

"உன்னைய அப்பிடியே விட்டுருவேனா? உனக்கும் சேத்துத்தான் பேசியிருக்கேன். கடைய வாங்குனப்புறம் உன்னைய வேலைக்கு வச்சுக்கிடுறேன்னு சொல்லிட்டாரு. குடோன் வேலை பழக்கமுள்ள ஆளு வேணும்னு அவருதான் கேட்டாரு."

வாசலில் ஏதோ பஸ் கம்பம், கம்பம் என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்னாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஜோஜோ ஓர் அடி பின்னால் போனான்.

"சரக்கோட சரக்கா என்னையும் எழுதிக் குடுத்துட்டீங்க."

"அப்பிடி இல்ல அன்னா..."

"எடை போட என்னிக்கு வர்றாங்க?"

"அதை நீ எதுக்கு..."

"என்னிக்குப்பா?"

"வியாழக்கெழம" என்றார் மத்தியாஸ்.

அன்னாள் தலையில் இருந்த தூளைத் தட்டிவிட்டாள். தார்ப்பாயின் ஒரு முனையைச் சின்னத்தாயிடம் கொடுத்து, மறுமுனையைத் தானே பிடித்தாள். இரண்டு பேருமாக அந்தக் குப்பை மொத்தத்தையும் குடோனின் நட்ட நடுவே, கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்துக்கு இழுத்து வந்து போட்டார்கள்.

"வரட்டும்" என்றாள். "அன்னிக்கு எடைய நானே போடுறேன்."